காந்தத்தைத் திருப்பியபோது

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். வாண்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம், தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆய்வகக் காந்தத்தின் திசைமாற்றும் ஸ்விட்ச் மூன்று வருடமாக இறுகிக் கிடந்ததே, அதை எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார். செய்தவர் சும்மா போகவில்லை. "கரண்டே போகாத கல்லுன்னு சொல்றீங்க, அதுல வயரை மாட்டி என்னத்த அளக்கறீங்க?" என்று கேட்டார். அடியில் சூடும் மேலே குளிர்ச்சியுமாக வைத்தால், மின்சாரம் நகராமலே காந்தச் சுழற்சி மட்டும் கல்லுக்குள் ஏறி வரும், மேலே பூசிய பிளாட்டினம் அதைத் துளி மின்னழுத்தமாக்கும் என்றேன். "வேற எதனாலயும் வரலன்னு எப்படித் தெரியும்?" என்றார். காந்தத்தைத் திருப்பினால் மின்னழுத்தமும் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போகும், அதுதான் அடையாளம் என்றேன். "அப்ப திருப்பிப் பாருங்க, என் ஸ்விட்ச்சும் வேலை செய்யுதான்னு தெரிஞ்சிரும்" என்றார்.

திருப்பினேன். நாம் ஆய்வுக் கட்டுரையில் போட்ட அளவில் பத்தில் ஒரு பங்குதான் மாறியது. மீதி அசையவே இல்லை. நான்கு நாள் திரும்பத் திரும்ப அளந்தேன்.

காரணமும் கிடைத்துவிட்டது. கட்டுரைக்காக அளந்த அன்று ஸ்விட்ச் வேலை செய்யாததால் கல்லையே கையால் திருப்பி வைத்தோம். இடப்பக்கம் குளிர்நீர்க் குழாய் போகிறது, அந்தப் பக்கம் இருக்கும் முனை எப்போதும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். கல்லைத் திருப்பியதும் குளிரும் முனை மாறியது, வயர் இணைப்பில் வரும் சாதாரண வெப்ப மின்னழுத்தமும் கூடவே திசை மாறியது. அதைத்தான் கண்டுபிடிப்பு என்று கொண்டாடினோம்.

ஸ்விட்ச் சரியாகும்வரை பொறுப்போம் என்று நீங்கள் சொன்னீர்கள். இப்படி ஒவ்வொன்றுக்கும் பொறுத்தால் தலை நரைத்துவிடும் என்று கேலிசெய்தது நான். இப்போது வெட்கமாக இருக்கிறது.

கட்டுரையில் இருந்த அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் அங்கே உங்களை வேலைக்கு எடுத்தார்கள். அடுத்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்பதும் தெரியும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முடியவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயருக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது.

போட்டு அனுப்புங்கள். அங்கே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டால் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். குழாய் அப்படியேதான் இருக்கிறது, பல்லும் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கல்லைத் திருப்பியவள்