பிராசஸர் மூடியைப் பெயர்த்த வாரம்

ஜன. 8, வியாழன்

பனி. எட்டு மணி வரை எதிர் வரப்பு தெரியவில்லை. சம்பா தலை சாய்ந்துவிட்டது. அப்பா அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறார், நமக்கு முன்னால் நாலைந்து பேர்.

என் வேலை: ஊரில் புதிதாகக் கட்டப்போகும் பொதுக்கூடத்தின் 3டி வீடியோ. ரோட்டிலிருந்து நடந்து, படியேறி, உள்ளே ஒரு சுற்று. காணும் பொங்கல் கூட்டத்தில் போட்டுக் காட்ட வேண்டும். திருப்பூர், சிங்கப்பூர் போனவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் ஊரில் இருப்பார்கள். அன்று முடிவாகாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்.

தஞ்சாவூர், பாபநாசம் இன்ஜினியர்களுக்கு வீட்டு எலிவேஷன், அதாவது முகப்புப் படம், போட்டுக் கொடுத்துத்தான் பிழைப்பு. சொந்த ஊருக்கு ஒன்று போடுவது இதுதான் முதல் தடவை.

சிக்கல், கம்ப்யூட்டர். கிராபிக்ஸ் கார்டு போன வருஷமே அவுட். எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில். ரெண்டர், அதாவது வரைந்ததை ஒவ்வொரு படமாக வீடியோவுக்கு மாற்றும் வேலை, போட்ட கொஞ்ச நேரத்தில் சூடு நூறு டிகிரி. உடனே தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டுகிறது. இப்படியே போனால் வீடியோ முடிய மாசக் கடைசி.

சாயங்காலம் ராஜேந்திரன் சித்தப்பா வந்தார். கூடம் கட்டும் கமிட்டித் தலைவர்.

"என்ன மதி, பழைய கூடம் மாதிரியே தெருப் பக்கம் வாசல் வச்சுதானே போடுற?"

"இல்ல சித்தப்பா. ரோட்டுப் பக்கம்."

சித்தப்பா எழுந்துகொண்டார். பிறகு, "நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா யாரு முன்னாடி நிக்கிறது? நீயா?" டீ குடிக்காமலே போய்விட்டார்.

பழைய கூடம் ரோட்டுக்கு முதுகு காட்டி நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு வெறும் சுவர். ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஜன. 9, வெள்ளி

இருக்கிற வழிகள்:
– கும்பகோணத்தில் கொடுத்து ரெண்டர். கேட்டாச்சு. பொங்கல் முடியட்டும் என்கிறார்கள்.
– நெட்டில் ஏற்றி வெளியில் ஓட்டுவது. நம் ஊர் சிக்னலில் ஃபைல் பாதியில் நிற்கும்.
– பிராசஸர் மேலே சூடு கடத்தும் புது பேஸ்ட். போன மாசமே மாற்றியாச்சு, பிரயோஜனமில்லை.
– மூடியைப் பெயர்ப்பது.

கடைசி வழியைப் பற்றித்தான் காலையிலிருந்து யோசனை. பிராசஸர் மேலே ஒரு உலோக மூடி, பசை போட்டு ஒட்டியிருக்கும். மூடிக்கும் உள்ளே இருக்கிற சில்லுக்கும் நடுவே ஒரு பேஸ்ட். அது காய்ந்து பொருக்காகிவிட்டது, சூடு வெளியே வர வழியில்லை. மூடியைக் கழற்றி, அதைச் சுரண்டி, திரவ உலோகம் தடவினால் சூடு சட்டென்று இறங்கும். சூடு இறங்கினால் வேகத்தைக் கூட்டலாம்.

பிளேடு கொஞ்சம் ஆழமாகப் போனால் பிராசஸர் காலி. இருப்பது இது ஒன்றுதான். வீடியோ மட்டுமில்லை, பிழைப்பும் சேர்ந்து போகும்.

திரவ உலோகம் டிராயரில். கோடையிலேயே வாங்கியது. பயத்தில் பிரிக்கவில்லை.

அமுதா அக்காவுக்குப் போன். தஞ்சாவூரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

"பிளேடை எடுத்தாலே கை நடுங்குதுக்கா."

"எங்க தியேட்டர்ல மனுஷனையே அறுக்குறாங்க. இதுக்குப் போய்... ஞாயித்துக்கிழமை வரேன். நீயா எதையும் தொட்டு வைக்காத."

ஜன. 11, ஞாயிறு

நல்ல வெயில். அக்கா முதல் பஸ்ஸில் வந்தாள். பையில் பேரீச்சம்பழம், சவர பிளேடு, சிவப்பு நெயில் பாலிஷ். பாலிஷ் நான் கேட்டது. திரவ உலோகம் கரண்ட் கடத்தும், சில்லு பக்கத்தில் குட்டிக் குட்டி பாகங்கள் இருக்கின்றன, அதில் பட்டால் ஷார்ட். பாலிஷ் பூசினால் காப்பு.

ஜன்னலோரம் டேபிள். வெள்ளைத் துணி. அக்கா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்பா எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு ஆபரேஷன்?"

"மதியோட புள்ளைக்கு" என்றாள் அக்கா.

ஒரு மூலையில் பிளேடை நுழைத்தாள். பசை கறுப்பாக, சைக்கிள் ட்யூப் ரப்பர் மாதிரி. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். கர்... கர்... என்று சத்தம். "மூச்சு விடுடி, உன்னைய அறுக்கல" என்றாள். மூன்று பக்கம் விட்டதும் மூடி கையோடு வந்துவிட்டது.

உள்ளே சில்லு. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் மேலும் சுற்றியும் சாம்பல் நிறத்தில் காய்ந்த மண் மாதிரி பேஸ்ட். இவ்வளவு நாள் இதுதான் கழுத்தை நெரித்திருக்கிறது.

பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அக்கா பாலிஷ் பூசினாள், கல்யாணப் பெண்ணுக்குப் பூசுகிற கவனத்தோடு. நான் மூடியைக் கண்ணாடி மேல் நைஸ் உப்புத்தாள் விரித்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், மேல்பரப்பு மட்டமாக வர. கடைசியில் என் முகம் தெரிந்தது. திரவ உலோகம் ஒரு சொட்டு. பாதரசம் மாதிரி உருண்டு ஓடியது, பஞ்சுக் குச்சியால் தேய்க்கத் தேய்க்கப் படிந்தது. மூடியை ஒட்டி, மதியம் வரை காயவிட்டு, பொருத்தினோம்.

ஸ்விட்ச். ஃபேன் சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பு.

மறுபடி. கறுப்பு.

அக்காவுக்கு டூட்டி, போயாக வேண்டும். பஸ் ஸ்டாப்பில், "நான் ஏதாச்சும் வெட்டிட்டேனாடி?" என்றாள். இல்லை என்றேன். தெரியாது என்பதுதான் உண்மை.

ஜன. 12, திங்கள்

காலைச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணிக்குத் திரும்பப் பிரித்தேன். பிராசஸர் அடியில் கீறல் இல்லை. போனில் ஜூம் வைத்து அது உட்காருகிற சாக்கெட்டைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் மெல்லிய பின்கள், தலைமுடி கனம். ஓரத்தில் ஒன்று மட்டும் படுத்திருந்தது. பொருத்தும்போது இடித்திருக்கிறது. இடித்தது நான்தான்.

அப்பா டார்ச் பிடித்தார். சாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "அட, நடவு மாதிரியில்ல இருக்கு" என்றார்.

தையல் ஊசி. முழங்கையை டேபிளில் ஊன்றிக்கொண்டேன். தூக்கினால் ஒடியலாம், ஒடிந்தால் மதர்போர்டே போச்சு. துளித் துளியாக நிமிர்த்தினேன். கை நடுங்கவில்லை. முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

ஸ்விட்ச். லோகோ வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார், வாசலில் யாரிடமோ சொன்னார்: "ஒரு முள்ளு சாஞ்சிருந்துச்சு. மதி நிமித்திருச்சு."

அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன். பதிலுக்கு அழுகிற பொம்மை பத்துப் பதினைந்து.

ஜன. 13, செவ்வாய்

வேகம் கூட்டும் படலம். 4.2 கிகாஹெர்ட்ஸ்: சும்மா ஓடுகிறது. 4.4: சூடு எழுபத்தைந்து, தாண்டவில்லை. 4.6: நீல ஸ்கிரீன் வந்து நின்றுபோனது. ஆசைப்பட்டது போதும், 4.4.

ரெண்டர் போட்டாச்சு. போன வாரம் நொண்டியது இப்போது தடதடவென்று போகிறது. ஒவ்வொரு படமாகச் சேமிப்பதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. போனது, இரண்டு தடவை.

மழை வரும் என்கிறார்கள். அப்பா வானத்தையே பார்க்கிறார்.

ஜன. 15, வியாழன். பொங்கல்

மழை இல்லை. அறுப்பு மெஷின் திங்கட்கிழமை வருகிறதாம்.

அம்மா அடுப்புக்குப் பொட்டு வைத்த கையோடு கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கும் வைத்துவிட்டாள். ஃபேன் காற்றில் குங்குமம் பறக்கும் என்று கத்தினேன். சின்னதாகத்தான் வைத்திருக்கிறாள், கதவுப் பக்கம். விட்டுவிட்டேன்.

ரெண்டர் நாளைக் காலையில் முடிந்துவிடும்.

ஜன. 17, சனி. காணும் பொங்கல்

டியூஷன் சென்டர் புரொஜெக்டர். திரைக்கு வெள்ளைச் சுவர் வேண்டும். ஊரிலேயே பெரிய வெள்ளைச் சுவர் பழைய கூடத்தின் முதுகுதான். அதனால் ரோட்டோரம் பாய் விரித்து, ஊரே தெருவுக்குள் இல்லை, ரோட்டிலேயே உட்கார்ந்தது. இருட்டத் தொடங்கியதும் போட்டேன். கும்பகோணம் பஸ் ஒன்று மெதுவாகப் போனது, ஜன்னலில் முகங்கள்.

வீடியோ முடிந்தது. சித்தப்பா எழுந்தார்.

"இந்தக் கூடம் கட்டுனப்ப ரோட்டப் பாத்துதான் முதல்ல கோடு போட்டோம். நம்ம தெருவுக்கு ரோட்டுல என்னடா வாசல்னு கல்லு விழுந்துச்சு. திருப்பிட்டோம்." அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை போல.

சிங்கப்பூர் குமார் அண்ணன், "இப்ப எவன் எறிவான், சித்தப்பா?"

"எறிய மாட்டான்னு நான் சொல்லலடா." என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை போடு."

போட்டேன். கைகட்டிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அவர் நிழல் படியில் விழுந்தது.

"வாசல் இப்படியே இருக்கட்டும். ஆனா படி குறுகலா இருக்கு மதி. பத்துப் பேரு சேந்து ஏறுனா இடிக்கும். அகலமா போடு."

பொங்கலுக்கு வந்திருந்த அக்கா என் தோளைக் கிள்ளினாள், இன்னும் வலிக்கிறது.

நாளை: படி.