முதற் பதிவு உன்னுடையது

இன்று காலை எங்கள் கணினிச் சேவர் அறையின் ஏசியைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். கழற்றிய இடத்தில் ஈரம் ஊறிய சாந்தும் பழைய தூசியும் கலந்த வாடை எழுந்தது. நாங்கள் குளிராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வருடங்களிலெல்லாம் அதற்குப் பின்னால் சுவர் உக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இயந்திரங்கள் போன கிழமையே போய்விட்டன. இனி அங்கே பரிசோதனைக் குப்பிகளின் பெட்டிகளை அடுக்கப்போகிறார்களாம்.

"ஏசி எல்லாம் போட்டு ஆர் தங்கச்சி இதுக்கை இருந்தது?" என்று கழற்ற வந்தவர் கேட்டார்.

வெளியே வந்து உனக்கு எழுதத் தொடங்கினேன்.

உன் குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு இந்த யாழ்ப்பாண நகரத்தைவிட்டு வெளியேற்றப்பட்டபோது நீ பிறந்திருக்கவில்லை. புத்தளத்தில் பிறந்து, வாப்பா சொல்லக் கேட்டு வளர்ந்த ஊருக்கு வேலை தேடி வந்தவள் நீ. எங்கள் நிறுவனம் இரத்தப் பரிசோதனை செய்யும் தனியார் நிலையம். தலைமையகம் யாழ்ப்பாண நகரில், கிளைகள் சாவகச்சேரி, மானிப்பாய், கரவெட்டியில். கணினிப் பிரிவு என்று இருந்தது நாம் இருவர்தான். புதிதில் ஒருவரையொருவர் "நீர்" என்று மரியாதையாகக் கதைத்தோம். ஒரே பஸ்சில் ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப ஓடியதில் அது எப்போது "நீ" ஆனது என்று தெரியவில்லை.

அப்போது ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு சேவர். மேசைக்குக் கீழே, செருப்புகளுக்குப் பக்கத்தில், மின்சாரம் போகும்போதெல்லாம் செத்து, வரும்போது அரைகுறையாக எழும்பும். அந்தக் கிளையின் முடிவுகள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான். அது படுத்தால் கிளையும் படுக்கும். நாம் போய் எழுப்பிவிட்டு வருவோம். வீடு வந்து சேர்வதற்குள் இன்னொரு கிளை படுத்திருக்கும்.

சாவகச்சேரியில் அந்தத் தகப்பனைக் கண்ட நாளில்தான் நீ மாறினாய். காய்ச்சலில் வாடிய மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பரிசோதனை முடிந்து, முடிவு சேவருக்குப் போய்ச் சேர்ந்து, சேவரின் ஹார்ட் டிஸ்க் அதோடு உடைந்துபோயிருந்தது. திரும்ப இரத்தம் எடுக்கவேண்டும் என்று சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. "திரும்பவும் பிள்ளைக்கு ஊசி குத்தப் போறியளோ?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளை தானாகவே மற்றக் கையை நீட்டியது.

அடுத்த நாள் மனேஜரின் அறைக்குள் போய் நின்றாய். கிளைகளில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, தலைமையகத்தில் ஓர் அறையில் இரண்டு பெரிய சேவர்களையும் அவை இரண்டுக்கும் பொதுவான ஒரு சேமிப்பகத்தையும் வைப்போம் என்றாய். ஒவ்வொரு முடிவும் இரண்டு டிஸ்க்குகளில் எழுதப்படும். ஒரு சேவர் விழுந்தால் மற்றது அந்த வேலையைத் தூக்கிக்கொள்ளும்.

"எல்லாத்தையும் ஒரே இடத்திலை வைக்கிறது பயமில்லையோ பிள்ளை? அது விழுந்தா எல்லாம் விழுமே" என்றார் மனேஜர்.

"இப்ப நாலு இடத்திலை நாலும் விழுகுது சேர். ஆருக்கும் தெரியாமல் விழுகுது. விழுந்தா தாங்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் நாடு விழுந்துகொண்டிருந்த காலம் அது. டொலர் இல்லை, டீசல் இல்லை, நாளில் பாதி மின்சாரம் இல்லை. ஓடர் பண்ணிய சேமிப்பகம் துறைமுகத்தில் கிடந்தது. பற்றரிக்காகக் கடை கடையாக அலைந்தோம். பஸ் இல்லாத நாட்களில் என் சைக்கிளில் நீ பின்னால் இருந்து, மடியில் கேபிள் சுருளை வைத்துக்கொண்டு, என்னைப் பாடச் சொல்வாய். நான் மூச்சு வாங்குவேன். நீயே பாடுவாய், சுருதி சேராமல்.

எல்லாம் பொருத்தி முடித்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நீ மானிப்பாய்க் கிளையில் இருந்தாய், நான் நகரத்துச் சேவர் அறையில். கிளை இயந்திரம் பரிசோதிக்கும் இரத்தத்தின் முடிவு புதிய சேமிப்பகத்துக்கு ஒழுங்காக வந்து சேருகிறதா என்று பார்க்கவேண்டும். உண்மையான இரத்தம் வேண்டும். நீ சட்டைக்கையை மடித்துவிட்டுக் கையைக் கொடுத்தாயாம்.

புதிய சிஸ்டத்தின் முதற் பதிவு உன் பெயரில் என் திரையில் விழுந்தது.

"வந்திட்டுது!" என்று ரெலிபோனில் கத்தினேன். பிறகு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன். "ஆனா இலக்கம் பிழையாய் வந்திருக்கு. எங்கையோ பூச்சியம் கூடிப்போச்சு."

நீ சிரித்தாய். "தசமத்தை எங்கையோ விட்டிருப்பம். பாரு."

பார்த்தேன். இயந்திரம் அனுப்பும் வரியைப் பிரித்துப் பார்த்தேன். அலகை மாற்றிப் பார்த்தேன். பிழை எங்கும் இல்லை. நீ அங்கே இயந்திரத்திலிருந்தே நேராக வரும் காகிதத் துண்டை எடுத்து வாசித்தாய். அதே இலக்கம். அப்போதும் நாம் பயப்படவில்லை. இயந்திரம் பிழை என்றாய். என்னை வரச் சொன்னாய். நான் சைக்கிளை மிதித்து வந்து, உன் பக்கத்தில் இருந்து, என் கையைக் கொடுத்தேன்.

என் இலக்கங்கள் சரியாக வந்தன. ஒவ்வொன்றும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

நீ மடித்த சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டு, "சிஸ்டம் சரியாத்தான் வேலை செய்யுது" என்றாய்.

மறுபடி இரத்தம் எடுத்தார்கள், வேறு இடத்திலும் எடுத்தார்கள். இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன கிழமையிலும் நீ வேலைக்கு வந்தாய். சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போகுமுன் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது என்றாய். மனேஜரை அறைக்குள் கூப்பிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டில் ஓடிக்கொண்டிருந்த சேவரின் வயரைப் பிடுங்கினாய். அவர் பதறிப்போனார். நான் கரவெட்டிக் கிளைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அங்கை என்ன நடக்குது?"

"ஒண்டும் நடக்கேல்லையே அக்கா. ஏன் கேக்கிறியள்?" என்றாள் அங்கிருந்த பெண்.

மனேஜர் கை தட்டினார். நீ வயரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன்னை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

உனக்கு எலும்பு மச்சை மாற்ற வேண்டும் என்றார்கள். உன் தங்கையின் மச்சை பொருந்தவில்லை. தம்பியினதும் இல்லை. உம்மா ஒவ்வொரு சொந்தக்காரராகக் கூட்டிவந்தார், ஒருவருடையதும் பொருந்தவில்லை. நீ கொழும்பு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ரெலிபோன் எடுக்கும்போது உன்னைப் பற்றிக் கேட்க விடமாட்டாய். "இண்டைக்கு விழுந்ததோ?" என்பாய். "இல்லை" என்பேன். உண்மையில் விழவேயில்லை. மின்சாரம் போனது, லைன் அறுந்தது, ஒரு டிஸ்க் செத்தது. கிளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. உன் குரல்தான் கிழமைக்குக் கிழமை மெலிந்தது.

புத்தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். வழியில் உன் தங்கை எடுத்தாள். "ராத்தா மௌத்தாகிட்டா." நான் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. உம்மா என் கையைப் பிடித்து, "உங்களைப் பத்தித்தான் எந்த நேரமும் கதைப்பா" என்றார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று பக்கத்தில் இருந்து சோறு போட்டார். சாப்பிட்டேன். உன்னைக் காணாமலே திரும்பினேன்.

இவ்வருடம் கொழும்பு நிறுவனம் ஒன்று எங்களை வாங்கியது. வந்தவர்களும் நீ சொன்ன அதே சொற்களைத்தான் சொன்னார்கள்: எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்போம், சிஸ்டம் எப்போதும் இயங்கும். அந்த ஓரிடம் கொழும்பு. பழைய பதிவுகள் தேவையில்லை, அண்மைய காலத்தவை போதும் என்றார்கள். உன்னுடையதும் போகிறதே என்று மனேஜரிடம் கேட்டேன். "நான் என்ன பிள்ளை செய்ய? எனக்கே இந்த மாசத்தோடை சரி" என்றார். மிச்ச டிஸ்க்குகளை அழிக்கும் வேலை எனக்கு வந்தது. அழிக்கும் முன் உன் பதிவைத் திறந்து பார்த்தேன். இலக்கம் அப்படியேதான் இருந்தது. பிறகு அழித்தேன்.

நேற்று நான் கரவெட்டிக் கிளையில் நின்றபோது கொழும்பு லைன் போய்விட்டது. முடிவுக்குக் காத்திருக்கும் வாங்கில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். கொழும்புக்கு எடுத்தால், முறைப்பாடு பதிந்தாயிற்று, காத்திருங்கள் என்கிறார்கள். எங்கள் வயதுப் பெண் ஒருத்தி, காலையிலிருந்து இருப்பவள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டவேண்டும் என்று கெஞ்சினாள். இயந்திரத்தின் காகிதத் துண்டைக் கொடுக்கக்கூடாது என்பது புதிய சட்டம். நான் எடுத்துக்கொண்டு போனேன்.

நடக்கும்போதே வெள்ளை அணுக்களின் இலக்கத்தை வாசித்துவிட்டேன். முந்தியெல்லாம் எனக்கு இந்த இலக்கங்கள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் சரக்கு. இப்போது வாசிக்கத் தெரியும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். வேண்டாம் என்று கொடுத்துவிடவும் முடியவில்லை.

"இண்டைக்கே பெரியாஸ்பத்திரியிலை கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்றேன்.

அவள் துண்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "லைன் இல்லை எண்டுதானே அக்கா சொன்னவை. அதாலை இலக்கம் பிழையாய் விழுந்திருக்குமோ?"

ஓம், பிழைதான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

"பிள்ளையை நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் போங்கோ" என்றேன்.