கொம்புச் சத்தம்

லீட்ஸ், இங்கிலாந்து
மார்ச் 1846

அன்புள்ள கெசையா,

நான் சுகம். உன் இருமல் நின்றதா?

நேற்று ஒரு வேடிக்கை. நம் அடிமை வாழ்வைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்கள் விருந்து வைத்தார்கள். பாதிச் சாப்பாட்டில், வாசலில் தபால் வண்டிக்காரன் கொம்பு ஊதினான். பருத்தித் தோட்டத்தில் விடியலில் நம்மை எழுப்பிய அதே சத்தம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அங்கிருந்து நாம் தப்பி ஒன்பது வருடமாகிறது. கால்களுக்கு இன்னும் தெரியவில்லை.

"பேசப் போறாரு, சத்தம் போடாதீங்க" என்றார் வீட்டுக்காரர். வேறு வழியில்லாமல் பேசினேன். நல்ல கைதட்டல்.

மக்காச்சோள மாவு கொஞ்சம், கப்பலில் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. நீ பின்னிய காலுறையும்.

தப்பிய பின் அமெரிக்காவில் நாம் குடியேறிய ஊரில், துறைமுகத்தில் கப்பல் கொம்பு ஊதும்போதெல்லாம், "உக்காருய்யா, அது உன்னக் கூப்பிடல" என்று என் முழங்காலை அழுத்துவாயே.

தபால் வண்டி கொம்பு ஊதிக்கொண்டு வந்துவிட்டது. நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன்
ஆம்ப்ரோஸ்