முன்னுக்கு நாலரை, பின்னுக்கு நாலேகால்

உம்மா,

என் கையில் இன்னும் கியர் ஒயில் நாற்றம் அடிக்கிறது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம். நீங்கள் இருந்தபோது வாப்பாவின் சாரத்தைத் தனியாக ஊறப் போடுவீர்களே, அதே நாற்றம். மாமி பக்கத்தில் படுத்திருக்கிறா. டோர்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவ விழித்தால் இதை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

விடிந்தால் மன்னார்ப் பக்கம் முசலியில் காணிக் கச்சேரி. தொண்ணூறில் ஊரையே வெளியேற்றியபோது விட்டு வந்த எங்கள் வளவுக்குப் பேர் பதியும் நாள். மாமியும் இரண்டு தம்பிமாரும் பக்கத்து வீட்டு மூன்று பேரும் வாப்பாவோடு ஜீப்பில் போகிறார்கள். எனக்குப் பரீட்சை என்பதால் நான் வீட்டில். மூன்று நாளாக மழை. எழுவன்குளத்தில் கலா ஓயா ஆறு, அந்தத் தாழ்வான சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் பாய்கிறதாம். வாப்பா கவலைப்படவில்லை. "ஃபோர்-வீல் போட்டுட்டு மெதுவா இறங்கினா சரி" என்றார்.

நாலு சில்லையும் சேர்த்து இழுக்க வைக்கிற அந்த ஃபோர்-வீலை அவர் போடக் கூடாது உம்மா. அது ஏனென்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருசம் கற்பிட்டிப் பக்க மணலில் சுற்றுலாக்காரரை ஏற்றுவதற்காக வாப்பா ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டார், ஞாபகமா? போட்ட நாளிலிருந்து ஜீப் சோம்பலாகிவிட்டது. மணலில் ஏறாமல் நின்று முனகியது. முந்தலில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் வந்து பார்த்துவிட்டு, அச்சுக்கு நடுவில் இருக்கிற கியரை, அவர் டிஃப் என்பாரே, அதை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்ற வேண்டும் என்றார். கொழும்புப் பழைய சாமான் கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று நாலேகாலுக்குச் சற்று மேல், மற்றது நாலரைக்கு மேல்.

வாப்பாவுக்குப் பெரிய எண்தான் வேண்டும். நீங்கள் தையல் மெஷினை விட்டு எழும்பாமலே கேட்டீர்கள்: "அந்த எண் என்னத்தச் சொல்லுது பாஸ்?"

பாஸ் விளங்கப்படுத்தத் தடுமாறினார். நீங்கள் மெஷின் கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினீர்கள். "இத ஒருக்கா சுத்தினா ஊசி மூணு தரம் இறங்குது. அந்த மாதிரியா?"

"ஓம் தங்கச்சி, ஆனா தலைகீழ். எஞ்சினிலருந்து வாற ஷாஃப்ட் நாலு தரம் சுத்தினாத்தான் சில்லு ஒருக்கா சுத்தும். எண் கூடினா இழுவ கூட. ஆனா தார் ரோட்டில எஞ்சின் கத்தும், டீசல் குடிக்கும்."

"அப்ப கிழமையில எத்தன நாள் மணல்ல, எத்தன நாள் தார்ல?" என்று வாப்பாவைக் கேட்டீர்கள்.

"நீ என்ன, ஜீப் ஓட்டுறியா, ஜாக்கெட் தைக்கிறியா?"

"மணல் ரெண்டு நாள். மத்தது சிலாபம், கொழும்பு எண்டு தார்தானே. ரெண்டு நாளுக்காக அஞ்சு நாளும் கத்தவா போறீங்க?"

மாமி சிரித்துவிட்டா. "நாலு ஊருக்கு ஜீப் ஓடுற மனிசனுக்குச் சட்ட தைக்கிறவ புத்தி சொல்றா" என்றா. ஆனால் வாப்பா நாலேகாலையே வாங்கினார். அன்றைக்கு மாலையே ஆட்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்: "இது எங்கட ஆள் தெரிஞ்செடுத்தது."

பாஸ் இரண்டையும் பூட்டித் தந்தார். பின் டிஃப்பில் எண் வெட்டியிருந்தது தெரிந்தது. முன் டிஃப்பில் அந்த இடம் துருப்பிடித்துப் போயிருந்தது. கடைக்காரன் சரியானதைத்தான் அனுப்பியிருப்பான் என்றார் பாஸ். போகும்போது ஒரு கதையும் சொன்னார். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர்-வீல் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். "மணல்ல எண்டா சில்லு சறுக்கித் தப்பும். கொங்கிரீட்டில தப்பாது. ஸ்டியரிங் இறுகும், உள்ளுக்க என்ன உடையுமெண்டு சொல்லேலா."

நீங்கள் அதை விடவில்லை. எண்ணிப் பார்க்கும் விதத்தைப் பாஸிடம் கேட்டு வைத்துக்கொண்டீர்கள். ஒரு பக்கச் சில்லை மட்டும் ஜக்கில் தூக்க வேண்டும். டயரிலும் ஷாஃப்டிலும் சோக்கால் ஒரு கோடு. மற்றப் பக்கச் சில்லு நிலத்தில் நிற்பதால், தூக்கிய சில்லை இரண்டு தரம் சுற்றினால்தான் ஷாஃப்ட் சுற்றும் கணக்குச் சரியாக வரும். உங்களுக்கு அப்போதே மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. குனிய முடியவில்லை. நீங்கள் சில்லைச் சுற்ற, நான் கீழே படுத்து எண்ணினேன்.

பின்பக்கம் நாலும் கால்வாசியும் சொச்சமும். உங்களுக்கு எவ்வளவு சந்தோசம்.

பிறகு முன்பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்போது மணலில் ஜக் ஒரு விரல் அளவு இறங்கியது. ஜீப் முழுவதும் என் நெஞ்சுக்கு மேலே முனகியது. நான் எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் சில்லை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"எத்தன?"

"பின்னுக்கு மாதிரியேதான் உம்மா."

"பார்த்தியா?"

"ஓம், பார்த்தேன்."

என் முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஜீப் மணலைக் காணவே இல்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு சிலாபம் ஆஸ்பத்திரிக்கு எத்தனை தரம் போயிருப்போம், எல்லாம் தார் ரோடு. நீங்கள் மௌத்தான பிறகும் வாப்பா கற்பிட்டிப் பக்கம் போகவில்லை. ஃபோர்-வீல் போடத் தேவையே வரவில்லை. பொய்யும் அதே இடத்தில் அசையாமல் கிடந்தது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அரைகுறையாக எண்ணியதும் சரியாக வரலாம்தானே.

இன்றைக்கு வாப்பா பயணத்துக்காக ஒயில் மாற்றினார். முன்பக்கம் ஒரு சில்லைத் தூக்கி வைத்தபடியே அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனார். நான் போய் மரக்குற்றியை அச்சுக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினேன். அவர் செய்வது போல, சில்லும் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றுவதற்காக இரண்டு சில்லின் நடுமூடியையும் திருகிப் பூட்டினேன். ஜீப்புக்கு அடியில் போனேன். ஷாஃப்டைக் கையாலேயே சுற்றி, டயரில் போட்ட கோடு இரண்டு தரம் கீழே வரும்வரை எண்ணினேன்.

நாலரையும் தாண்டிப் போனது. மீண்டும் எண்ணினேன். நாலரைக்கு மேல்தான். கடைக்காரன் வாப்பா முதலில் ஆசைப்பட்டதையே முன்னுக்கு அனுப்பியிருக்கிறான்.

மூடிகளைத் திரும்பத் தளர்த்திவிட்டு வெளியே வர வாப்பாவும் வந்துவிட்டார். ஜக்கை இறக்கினார். பொனெட்டைத் தட்டினார். "உம்மா தெரிஞ்செடுத்த கியர் மகள். நாளைக்கு ஆத்துல பாரு, எப்பிடிப் போகுதெண்டு."

சொல்லாமல் ஜக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அவர் அடிப்பார் என்ற பயமில்லை, அவர் அடிக்கிற ஆளில்லை. உங்களைக் கபுரில் அடக்கிய பிறகு அவர் பெருமையாகச் சொல்ல வைத்திருப்பது அந்த ஒரு பேச்சுத்தான். அதை எப்படிப் பிழை என்று சொல்வேன்? பிழை உங்களுடையதில்லை, என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், உங்களுக்கே பொய் சொன்னவள் என்று அவர் என்னைப் பார்ப்பார். சொல்லாவிட்டால் விடிந்ததும் தம்பிமார் அந்தப் பாலத்தில். தண்ணீருக்கடியில் இருப்பது கொங்கிரீட் உம்மா. அதன் நடுவில் ஸ்டியரிங் இறுகினால், இரண்டு பக்கமும் ஆறு.

மழை விடவில்லை. போய்ச் சொல்லப் போகிறேன். இந்த இடத்தில் நிறுத்துகிறேன்.

போய் வந்துவிட்டேன் உம்மா.

வாப்பா தூங்கவில்லை. முன் அறையில் காணிக் கடதாசிகளைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜக் இறங்கியது, நான் வெளியே வந்தது, பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னது, இன்றைக்கு எண்ணியது. அவர் கடதாசியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டார்.

பிறகு சொன்னார்: "உம்மாக்குத் தெரியும்."

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கே சொன்னா. புள்ள பயந்து பாதியில வெளிய வந்துட்டா, அவகிட்டக் கேக்க வேணாம், நீங்க ஒருக்கா எண்ணிப் பாருங்க எண்டு. ஓம் எண்டேன். அடுத்த கிழம ஆஸ்பத்திரி. பொறகு நான் மறந்தே போனேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இண்டைக்கு ஜக்கில நிக்கக்குள்ளயும் ஞாபகம் வரல்ல பாரு."

அதன் பிறகு அவர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. பின் சில்லு மட்டும் இழுத்தால் தார் ரோட்டில் ஒரு பழுதும் இல்லை. ஆற்றுப் பக்கம் போகாமல் அநுராதபுரம், மதவாச்சி சுற்றி மன்னாருக்குள் இறங்குவதாம். தூரம் கூட. இப்போதே புறப்பட்டால்தான் கச்சேரி தொடங்க முன் போய்ச் சேரலாம். மாமியை எழுப்பிவிட்டார். "ஆத்துப் பாதை கிட்ட இருக்கக்குள்ள ஊரெல்லாம் சுத்துறீங்களே, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று மாமி குசினியில் சத்தம் போட்டா. வாப்பா என் பேரை எடுக்கவில்லை. "கியர் சரியில்ல, நான் பார்க்காம விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

ஜீப் இப்போதுதான் ஒழுங்கையால் திரும்பிப் போனது. ஆற்றுப் பக்கம் இல்லை, தார் ரோட்டுப் பக்கம். சத்தம் அடங்கும்வரை வாசலில் நின்றேன்.

இவ்வளவு நாளும் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு நடந்தேன். இனி வேறொன்றை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் பொய் சொன்னது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழும்பி இருக்க முடியாத நாளிலும், என்னைக் கிட்ட வரச் சொல்லித் தலை பின்னிவிட்டீர்கள்.