சத்தம் போடாத பம்ப்பு

பாப்பா அம்மாவுக்கு,

எப்பவும் கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதே. நான் நல்லா இருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா? இடுப்பு வலி எப்படி இருக்கு? உங்கம்மாவை இன்னும் கொஞ்ச நாள் கூட இருக்கச் சொல்லு.

இங்கே ஒரு கூத்து. படகு முதலாளி குடும்பத்தோட படகுலயே தங்குறார். "குழாயைத் திறந்தா தானா ஓடுற தண்ணி பம்ப்பு கடகடங்குது, கைக்குழந்தை திடுக்குனு முழிச்சுக்குது. சத்தமில்லாததா பார்த்து மாட்டு"ன்னார். கடையில நாலஞ்சு பம்ப்பை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டேன். "பம்ப்பு வாங்க வந்தியா, பாட்டுக் கேட்க வந்தியா?"ன்னு கடைக்காரர் சிரிச்சார். பம்ப்பை விட அது உட்கார்ற பலகை அதிர்ற சத்தம்தான் ஜாஸ்தி. அதனால அடியில ரப்பர் வச்சு, வளையுற ஹோஸா மாட்டினேன். முதல் தடவை ஹோஸ் பிடுங்கிட்டு என்னைக் குளிப்பாட்டிடுச்சு. மத்தபடி ஒண்ணுமில்லை.

இப்ப குழாயைத் திறந்தா தண்ணி விழுற சத்தம் மட்டும்தான். குழந்தை அசையாம தூங்குது. அதுக்கு மேல அங்க நிக்க முடியாம வெளியே வந்துட்டேன். நம்ம பாப்பா நம்மளை விட்டுப் போனப்ப வர்றதுக்கு லீவு தரலையே, நான் கடைசியா பார்த்த அந்த முகம் இன்னும் எனக்குத் தூங்குற முகமாவே இருக்கு.

முதலாளி கூப்பிடுறார். ஒண்ணே ஒண்ணு. மோட்டார் போட்டா பாப்பா முழிச்சுக்கும்னு கீழ் குழாயில இருந்து குடத்துல தூக்கிட்டு வருவியே, நீ இன்னும் அப்படியேதான் தூக்குறியாம், உங்கம்மா போன்ல சொல்லி அழுதாங்க.

மோட்டாரைப் போடும்மா. சத்தம் வந்தா வரட்டும்.

பாப்பா அப்பா