சைல்டு லாக்

அக்கா,

ஊட்டி எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். ஒரே நாளில் மூன்று ஏரிகள் பார்த்தோம். ஏப்ரல் என்பதால் மலைச்சாலையெங்கும் ஊதாப் பூக்கள்.

முன்சீட்டில் ஜேசனும் அவர் அம்மாவும். பின்னால் நான் மட்டும். எமரால்டு ஏரிக்கரையில் காரை விட்டு இறங்கப் பார்த்தேன், கதவு உள்ளிருந்து திறக்கவில்லை.

"சைல்டு லாக் போட்டிருக்கேன்," என்றார் ஜேசன்.

"நமக்குதான் கொழந்தையே இல்லையேங்க?"

"அதான் நீ இருக்கியே," என்று அத்தை சிரித்தார். "கண்ணாடி வழியாவே நல்லாத் தெரியுதுல்ல? வெளிய குளிரும்மா, உள்ளயே இரு."

இருவரும் இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் திரும்பிய பிறகும் அவர் அந்த லாக்கை எடுக்கவில்லை. வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவோம். சர்ச் வாசலில் எங்கள் கார் நிற்கும்போது பக்கத்தில் வா. அந்தக் கதவு வெளியிலிருந்து திறக்கும்.

உன் தங்கை