அப்பாவின் பீரங்கிக்கு நான் எழுதிய அறிக்கை

மே 6, செவ்வாய்

அப்பாவின் பீரங்கி முடிந்துவிட்டது. ஐந்து மாதமாகக் கொட்டகையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. இன்று சத்தமில்லை. சாப்பிடும்போது என் பக்கம் பார்க்காமலே, "போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். என் கை நீளம்கூட இல்லை. மரச் சக்கரம், எண்ணெய் தேய்த்துத் துடைத்த எஃகுக் குழல். குண்டு போடுகிற பீரங்கி இல்லை இது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சத்தத்துக்காக வெடிப்பது. ஆனால் உள்ளே போகும் வெடிமருந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

குழலின் அடிப்பக்கத்தில் ஆழமாக வெட்டிய எழுத்துகள்: அஃப்ரா. என் பெயர். அதன் கீழே சின்னதாக: பொறியாளர்.

வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பதினைந்து வயதில் டிராக்டர் பட்டறைக்குப் போனவர். நான் பட்டம் வாங்கிய அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிச் சொல்வதற்காக வைத்திருந்தாரா?

"நல்லா இருக்குப்பா" என்றேன். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மே 7, புதன்

ரயிலில் வேலைக்குப் போகும்போதும் அந்த எழுத்துகள்தான் மனதில். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். மதியம், ஆய்வகத்தில் ஒரு கிரேன் கொக்கியின் விரிசல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. விரிசல் பிறப்பது கூரான மூலையில். அப்பா வெட்டிய எழுத்துகளில் எத்தனை மூலைகள்! அதுவும் மருந்து எரியும் இடத்துக்கு நேர் மேலே.

பயம். சந்தோஷமும்தான். இரண்டும் சேர்ந்து.

மே 8, வியாழன்

மேலாளரிடம் கேட்டு, கனம் அளக்கும் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா பீரங்கிச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வரைபடத்தில் அடிப்பக்கச் சுவர் இருபத்தைந்து மில்லிமீட்டர். எழுத்து எடுப்பாகத் தெரிய முதலில் ஒரு பட்டைப் பள்ளம் கடைந்து, அதற்குள் பெயரை வெட்டியிருக்கிறார். என் பெயருக்கு அடியில் மிச்சம் இருப்பது பதினாறு. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் பதினாறு.

அரசுச் சோதனைச் சாலையில் ஜூன் 12 நாள் கொடுத்திருக்கிறார்கள். அங்கே முத்திரை குத்தும் வரை யாரும் வெடிக்கக் கூடாது. அவர்கள் சுவருக்குப் பின்னால் நின்றுதானே வெடிப்பார்கள், பிளந்தாலும் இரும்புதான் போகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டே சமையலறைக்கு வந்தேன்.

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அவரும் வென்டலினும் சனிக்கிழமை வயல்ல ஒரு தடவை வெடிச்சுப் பாக்கப் போறாங்களாம். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"ஏன்?"

"போன தடவை நம்ம சங்கத்துக் கால்லுஸோட குழல் சோதனைல விரிசல் விட்டுச்சுல்ல? இன்னும் அவன் பீர் குடிக்க வந்து உக்காந்தா எல்லாரும் 'டக்'னு ஒரு சத்தம் குடுக்கறாங்க. அங்க போயி மானம் போறதுக்கு முன்னாடி இங்கயே தெரிஞ்சுக்கலாம்னு பாக்கறாரு."

இங்கேயே தெரிந்துகொள்வது என்றால், பக்கத்தில் அப்பாவும் அவருடைய சங்க நண்பர் வென்டலினும் நிற்பார்கள்.

மே 9, வெள்ளி

காலையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். "இன்னொரு ரொட்டி வேணுமாப்பா?" என்றுதான் வந்தது.

இருபத்தாறு வயதாகிறது. அப்பாவை எதிர்த்து ஒன்றுமே சொன்னதில்லை என்பது இன்றுதான் தெரிகிறது.

மதிய இடைவேளையில் அறிக்கை எழுதினேன். எனக்குப் பேசத் தெரிந்த ஒரே விதம் அதுதான். இரண்டு பக்கம். அளவுகள், படம், முடிவு: வெடிக்கத் தகுதியற்றது. கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் லேத்தின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க அவருடைய அளவுகோலையே எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

கையில் தாளோடு வந்தார். "'மதிப்பிற்குரிய திரு. லியோன்ஹார்ட் ரீப்லிங்கர் அவர்களுக்கு'ன்னு போட்டிருக்கு. எம் பேரு மாதிரியே இருக்கு, யாரு இவரு? எங்க ஊர்ல பாத்ததில்லையே."

"படிவத்துலயே அப்படித்தான்பா வரும்."

"தகுதியற்றதா?"

"ஆமாப்பா."

"அஞ்சு மாசம் கடைஞ்சிருக்கேன். நாப்பது வருஷமா இரும்பு கடையறவன். கொஞ்சூண்டு மருந்து போட்டா என்ன ஆயிடும்?"

எந்திரிச்சு ஓடிடலாம்னு இருந்துச்சு. ஆனா சொல்லிட்டேன். எப்படி வந்துச்சுன்னே தெரியல. "பிளந்தா அந்த எழுத்து இருக்கற இடத்துலதான்பா பிளக்கும். அப்புறம் என் பேரைத்தான் உங்க நெஞ்சுலேர்ந்து எடுக்க வேண்டியிருக்கும்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். லேத் சத்தம் வரவில்லை.

மே 10, சனி

ஒன்பது மணிக்கு வென்டலின் டிராக்டரில் வந்து இறங்கினார். காதுமூடி ஏற்கெனவே கழுத்தில்.

அப்பா வாசலிலேயே நிறுத்தினார். "இன்னிக்கு இல்ல."

"ஏன்?"

"மழை."

வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. வென்டலின் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாமா, கொட்டப் போகுது" என்று சொல்லிவிட்டு, இரண்டு கப் காபி குடித்துவிட்டுப் போனார்.

அப்பா என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. முழுசாக இருக்கிறார்.

மே 11, ஞாயிறு

வெண்ணெயை நகர்த்தச் சொன்னார். அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா?

மே 13, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது கொட்டகையில் ரம்பச் சத்தம். பீரங்கியைக் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தார். சரியாக என் பெயரின் நடுவில். அறுந்த துண்டைத் துடைத்து, தன் அளவுகோலை வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பதினாறே கால் இருக்கு. நீ பதினாறுன்னு போட்டிருக்க."

"திருத்திடறேன்பா."

"திருத்து." துண்டைக் கையில் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "சரி. நல்ல இரும்பு எங்க வாங்கறது? சொல்லு."

மே 24, சனி

புது எஃகுத் தண்டு வந்தது, சான்றிதழோடு. லேத்தில் ஏற்றும் முன், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலைக் கருவியால் நீளம் முழுக்கச் சோதித்தேன். அப்பா டாக்டர் முன்னால் நிற்கும் உறவுக்காரர் மாதிரி பக்கத்திலேயே நின்றார். "உள்ள என்ன சொல்லுது?"

"சுத்தமா இருக்குப்பா."

"இன்னொரு தடவை கேளு."

சங்கத் தலைவர் கோர்பினியன் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், ஊரில் ஒரு செய்தியும் அவரைத் தாண்டிப் போகாது. "என்ன இஞ்சினியரம்மா, அப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டீங்களாமே?"

நான் காது வரை சிவந்திருப்பேன். அப்பா நிமிராமலே சொன்னார்: "முன் பெஞ்சு. நீயும் வரியா, பின்னாடி எடம் இருக்கு."

ஜூன் 7, சனி

துளை போட்டு முடிந்தது. சுவர் எந்தப் பக்கமும் இருபத்தைந்துக்குக் கீழே இல்லை. ஓரங்களை வளைத்துவிட்டோம், கூர் எங்கேயும் இல்லை. எழுத்தும் இல்லை, மொட்டை. "அழகா இல்ல" என்றார் அப்பா. இல்லைதான்.

ஜூன் 12, வியாழன்

சோதனைச் சாலை. விடுப்புப் போட்டு நானும் போனேன். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு, கனத்த சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து, தூரத்திலிருந்து பற்றவைப்பார்கள். பிறகு துளையை மறுபடி அளப்பார்கள், விரிந்திருந்தால் அவ்வளவுதான். நாங்கள் வெளியே பெஞ்சில். அப்பா பன்றிக்கறி வைத்த ரொட்டியைப் பிரித்தார், கடிக்கவில்லை, மடித்தார், பிரித்தார். காலடியில் தரை ஒரு முறை அதிர்ந்தது. இன்னொரு முறை.

சோதனை அதிகாரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைக் காட்டினார். அப்பா ரொட்டியை ஒரே வாயில் அடைத்துக்கொண்டதால் நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்கு நூற்றைம்பது வயது, விழா. புல்வெளியில் பதினெட்டுப் பீரங்கிகள் வரிசையாக. பாதிரியார் எங்களுடையதற்குப் புனித நீர் தெளித்தார். சக்கரத்தைவிட அப்பாவின் காலணியில்தான் அதிகம் விழுந்தது. ஞானஸ்நானம் வாங்கும் குழந்தைக்குப் போலவே பீரங்கிக்கும் ஒரு ஞானத்தாய் உண்டு, அது அம்மாதான். புது உடை, இரண்டு காதிலும் பஞ்சு.

கோர்பினியன் சைகைக் கொடியை இறக்கினார். பதினேழு வெடித்தன. எங்களுடையது வெடிக்கவில்லை.

கூட்டத்தில் யாரோ 'டக்' என்றார். அப்பாவின் முகம் செங்கல் நிறமானது. ஒரு அடி முன்னால் வைத்தார். நான் வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெடிக்காத பீரங்கியை நெருங்கக் கூடாது. உள்ளே மருந்து புகைந்துகொண்டிருக்கலாம். "அப்பா!" அது நான்தான். முன்னூறு பேருக்கு நடுவில்.

அடியைப் பின்வாங்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழல்வாய்க்கு விலகி, விதிப்படி காத்திருக்க வேண்டிய முழு நேரமும் நின்றார். பாண்டு வாத்தியக்காரர்கள் சும்மா இருக்க முடியாமல் இரண்டு பாட்டு வாசித்தார்கள். பிறகு கோர்பினியன் தலையசைத்தார். மருந்தைப் பற்றவைக்கும் பொட்டுவெடியை மாற்றினார்கள், அது ஈரமாகியிருந்தது. புனித நீர் எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

அப்புறம் அது வெடித்ததே — கூடாரத்தில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. அம்மா பஞ்சை எடுத்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள்.

ஜூலை 5, சனி

காலையில் கோர்பினியன் தள்ளுவண்டியோடு வந்தார். மேலே போர்வை. "சும்மா ஒரு பார்வை, இஞ்சினியரம்மா. பயலுக யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்." போர்வைக்கு அடியில் முப்பது வருடமாக அவர் வெடிக்கும் குழல். நன்றாகவே இருந்தது. விசில் அடித்துக்கொண்டே போனார். மற்றவர்களிடம் அவரே சொல்லியிருக்க வேண்டும். பதினொரு மணிக்குள் இன்னும் இரண்டு பேர். அப்பா பேரிக்காய் மரத்தடியில் பெஞ்சு எடுத்துப் போட்டார்.

கடைசியாக வந்தவர் பக்கத்து ஊர்க்காரர். சாதாரணத் தண்ணீர்க் குழாய் ஒன்றின் அடியை வெல்டிங் செய்து மூடியிருந்தார். அதன் பெருமையைப் பத்து நிமிடம் சொன்னார். கருவியை எடுக்கவே தேவைப்படவில்லை.

"இதை வெடிக்கக் கூடாது" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றார் அப்பா. "அவதான் சொல்லிட்டாள்ல."

"கொஞ்சமா போட்டா?"

"கொஞ்சமாவும் கூடாது. இன்னிக்கே ரெண்டா அறுத்துடுங்க. ரம்பம் இல்லேன்னா எங்க அப்பா தருவார்."

என் குரல் தெரு வரைக்கும் கேட்டதாம், அம்மா சொன்னாள். எனக்கு அது சாதாரணமாகப் பேசிய மாதிரிதான் இருந்தது.